மயில் எத்தனையாம் இடம்?

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொட்டாஞ்சேனையில் படித்த அந்தக் கொஞ்ச எழுத்தும் இந்த நாட்டுக் குளிரில் விறைத்துப்போய்க் கோணலாகத்தான் வருகிறது. சின்ன 'ர' எங்கே வரும், பெரிய 'ற' எங்கே வரும் என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம். எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டபோது நான் மண்டபத்தின் பின்பக்கத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். "கதைக்கத்தான் வெக்கம், எழுதவுமோ?" என்று மனைவி வசந்தி கேட்டாள். அதனால் எழுதுகிறேன். பிழைகளை அவள் திருத்தித் தந்தாள். அப்படியும் தப்பி நிற்பவை என்னுடையவை.

இந்த நாட்டுப் பெரிய கடைகளில் கூரையிலிருந்து பாட்டு வரும். பெட்டி தெரியாது, பாடுகிறவர் யாரென்று தெரியாது, யாரும் நின்று கேட்கவும் மாட்டார்கள். வெள்ளவத்தையில் ஒரு கடையில் பாட்டுப் போட்டால் அது முழு காலி வீதிக்கும் போட்டதுதான். பஸ்ஸுக்கு நிற்பவரும் கேட்பார், எதிர்க்கடைக்காரர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டைக்கும் வருவார். இங்கே பாட்டும் குளிர்காற்றுப் போல மேலிருந்து சும்மா இறங்குகிறது. ஸ்காபரோவில் நான் மரக்கறி அடுக்கும் கடையில் இத்தனை வருடமாக என் தலையில் இறங்கிய பாட்டுகளில் ஒன்றையாவது நான் கவனித்தது கிடையாது. போன மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, கையில் ஒரு கோவாவோடு, முட்டைக்கோசுதான், அப்படியே நின்றுவிட்டேன். மேலே மயில் பாடிக்கொண்டிருந்தது.

மயில் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எனக்கு இருபது வயதாக இருந்த காலத்தில் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு ரெக்கோர்டிங் பாரில் வேலை செய்தேன். ஆட்கள் வெறும் கசெட்டைக் கொண்டுவந்து, வேண்டிய பாட்டைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் இசைத்தட்டைச் சுழலவிட்டு அதில் பதிந்து கொடுப்போம். முதலாளி முஸ்லிம், எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் கப்பல்காரரிடம் பழைய இசைத்தட்டுகளை வாங்குவார். அப்படி வந்தவைதான் கனடாக்காரர் நாலு பேரின் மூன்று தட்டுகளும். அந்தக் குழுவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எப்படி எழுதினாலும் பிழையாகத்தான் வரும். கடையில் நாங்கள் அவர்களைக் "கனடாக்காரர்" என்றே சொன்னோம்.

முதல் தட்டின் மட்டையில் பனிக்குள் ஒரு வேலி. எல்லாப் பாட்டிலும் கிட்டார் சண்டை பிடிக்கும். இரண்டாவதின் மட்டையில் ஒரு சாமான் ரயில். அதன் கடைசிப் பாட்டுத்தான் மயில். மூன்றாவதில் நாலு பேரும் கொஞ்சம் தாடியோடு, கொஞ்சம் களைத்துப்போய் நிற்பார்கள். அதை ஒருவரும் கேட்டு வரவில்லை. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளில் எல்லாம் இரண்டு தரம் எழுதியிருந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை என்று தெரிந்தது. நானாவிடம் கேட்டேன்.

"ஒண்டு இங்கிலீசு, மத்தது பிரெஞ்சு. அங்கயும் ரெண்டு பாசை ஈக்கிது" என்றார்.

"அப்ப அங்கயும் அடிபடுவினமோ, நானா?"

நானா வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "தட்டைத் தொடச்சு வை" என்றார்.

கடை வாசலில் கறுப்பு மை பூசிய ஒரு பலகை இருந்தது. அந்தக் கிழமை எந்தப் பாட்டை ஆட்கள் கூடுதலாகப் பதிந்துகொண்டு போனார்களோ, அதன்படி முதல் பத்துப் பாட்டையும் வெண்கட்டியால் எழுதுவது என் வேலை. கனடாக்காரர் அந்தப் பலகைக்குக் கிட்டவும் வந்ததில்லை. ஒருநாள் பாமன்கடையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் புதுக் கசெட்.

"என்ர மகன் மொன்றியலில நிக்கிறான். அந்த ஊர்ச் சத்தம் ஏதும் இருந்தால் இதில அடிச்சுத் தாங்கோ."

நானா தலையைச் சொறிந்தார். "இது மட்டுந்தான் ஈக்கிது அம்மா. கொஞ்சம் சத்தம் கூட."

"பரவாயில்லை. அவனும் சத்தம் கூடின பிள்ளைதான்."

அடுத்த கிழமை அவர் சொல்லி இன்னும் இரண்டு அம்மாமார் வந்தார்கள். அதற்குப் பிறகு ஹெவ்லொக் டவுனில் இருந்தும் வந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு வெளிக்கிடத் தொடங்கிய காலம் அது. சிலருடைய பிள்ளை ஜேர்மனியில் நின்றான். அவர்களும் இதைத்தான் வாங்கினார்கள். எல்லாம் குளிர் நாடுதானே என்றார்கள். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாத தாய்மார் அந்த ரொக் பாட்டை வீட்டில் போட்டுவிட்டு அரிசி களைந்தார்கள். மயில் பலகையில் பத்தாம் இடத்தில் ஏறி, மெல்ல மெல்ல முதலாம் இடத்துக்கு வந்து, அந்த மழைக்காலம் முழுக்க இறங்காமல் இருந்தது.

அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப ஒரு வரி வரும். பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார். என் காதில் அது "ஓடு மயில்" என்றுதான் விழுந்தது. பாட்டின் பெயரை வாசிக்கத் தெரியாததால் பலகையில் தமிழில் "மயில்" என்று எழுதிவிட்டேன். நானா பார்த்துச் சிரித்தார், அழிக்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒழுங்கையில் எல்லாருக்கும் அது மயில்தான். பக்கத்து சைக்கிள் கடை நிமல்கூட, "மொனரா எக்க தான்ன மல்லி", மயிலைப் போடு தம்பி, என்று சத்தம் போட்டு அதையே கேட்பான். சிங்களத்திலும் அது மயிலாகிவிட்டது.

நான் அம்மாவுக்கும் ஒரு கசெட் பதிந்து கொண்டுபோனேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி, நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து என்னையும் தங்கச்சி சாந்தியையும் வளர்த்தவர். இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டே பாட்டைக் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரங்களும் முருகனைக் கூப்பிடுறாங்கள் போல. பாவம், என்ன கஷ்டமோ, இப்பிடிக் கத்துறாங்கள்" என்றார். அந்தக் கசெட்டில் மயில் முடிந்த பிறகு ஒரு பைலா, கலியாண வீட்டில் தாளம் போட்டு ஆடும் பாட்டு, வரும். அதைச் செய்தவர் நானா. கசெட் ரேப்பில், அந்த நாடாவில், மிச்ச இடத்தை வெறுமையாக விட்டால் ஆட்கள் கோபிப்பார்கள். "காசு தந்து வெறும் காத்தையோ பதிஞ்சனாங்கள்?" என்று கேட்பார்கள். அதனால் மிச்ச இடத்தில் நானா தனக்குப் பிடித்த பைலாவைப் போட்டுவிடுவார். அதுவும் பாதியில் ரேப் முடிந்து டக்கென்று அறுந்துபோகும். எங்கள் வீட்டில் மயில் என்றால் கனடாக்காரரும் அந்த அரைவாசிப் பைலாவும் சேர்ந்ததுதான்.

மற்றத் தாய்மார் பிள்ளைகளிடம் "எத்தனையாம் பிள்ளையா வந்தாய்?" என்று வகுப்பில் வந்த இடத்தைக் கேட்பார்கள். என் அம்மாவுக்கு அதைக் கேட்க வாய்க்கவில்லை. அதற்குப் பதிலாக நான் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது, "மயில் எத்தனையாம் இடம்?" என்று கேட்பார். "ஒண்டு அம்மா" என்பேன். நான்தான் முதலாம் பிள்ளையாக வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு சோறு போடுவார்.

எண்பத்து மூன்று ஆடியில் பக்கத்துக் கடைக்கு வைத்த நெருப்பு எங்கள் கடைக்கும் வந்தது. அதைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது, இசைத்தட்டுகள் எல்லாம் கல்லில் ஒட்டிக் கருகிய தோசை மாதிரிக் கிடந்ததுதான். பலகையும் போய்விட்டது. நாலைந்து வருடம் அங்கும் இங்கும் வேலை செய்துவிட்டு நானும் கனடாவுக்கு வெளிக்கிட்டேன்.

விமான நிலையத்தில் ஒரு அதிகாரி, மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பிள்ளையை வைத்து, "இந்த நாட்டில் உமக்கு யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு ஒருவரையும் தெரியாது. வெறுமையாகச் சொல்லப் பயந்து, தெரிந்த கனடாக்காரரின் பெயரைச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு அவர்களுடைய டெலிபோன் நம்பரைக் கேட்டார். நாலு பேர் என்றேன், நல்லாப் பாடுவார்கள் என்றேன். அந்தப் பிள்ளை மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரி எழுதியதை வெட்டியபோதுதான், இங்கே அவர்களை ஒருவருக்கும் தெரியாது என்ற பயம் எனக்கு முதலில் வந்தது. ரேடியோவில் எப்போதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒருநாளும் வரவில்லை.

அம்மா என்னோடு கதைக்கக் கொட்டாஞ்சேனையில், காசு கொடுத்து டெலிபோன் பேசும் ஒரு கொமினிக்கேசன் கடைக்கு வருவார். அந்தக் கடையில் நிற்கிறவர்கள் எல்லாரும் எல்லாருடைய கதையையும் கேட்பார்கள். அங்கே நின்று மகனிடம் "கஷ்டப்படுறியோ?" என்று கேட்டால் அடுத்த நாள் முழுத் தெருவும் கேட்கும். முதல் தரம் கதைத்தபோது அம்மா சும்மாதான் கேட்டார்.

"அங்க மயில் எத்தனையாம் இடம், ராசா?"

"ஒண்டுதான் அம்மா."

இரண்டாவது தரம் கேட்டபோது, கோப்பை கழுவும் வேலையும் போய், வீட்டின் கீழே ஒரு பேஸ்மென்ட் அறையில் இருந்தேன். யன்னலைப் பனி மூடியிருந்தது. "ஒண்டு" என்று சொல்ல வாய் வரவில்லை. "ஏழு" என்றேன்.

அம்மாவுக்குப் பின்னால் கடையில் யாரோ இருமுவது கேட்டது. பிறகு, "ஏழெண்டால் என்ன, பலகையில நிக்குதுதானே. ஏறும்" என்றார். அன்று அவர் வீட்டுக்குப் போய்ச் சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று, "பிள்ளை ஏழுக்கு இறங்கிட்டான், முருகா" என்று சொன்னதாகச் சாந்தி எழுதியிருந்தாள். பாட்டு என்று அம்மா சொல்லவில்லை. பிள்ளை என்றுதான் சொன்னார்.

அதிலிருந்து எங்கள் கதை அப்படித்தான் போனது. தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது மயில் நாலுக்கு ஏறியது. முதுகு பிடித்து வீட்டில் கிடந்தபோது ஒன்பதுக்கு விழுந்தது. விசா சரிவந்ததும், வசந்தியைக் கட்டியதும், மகள் பிறந்ததும் முதலாம் இடங்கள். கொமினிக்கேசன் கடைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் அம்மாவிடம் மெதுவாக, "மகன் ரேசுக்குப் போறவரோ, அம்மா? மயில் எந்தக் குதிரை?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, "நல்ல குதிரை. ஆனா இடைக்கிடை நொண்டும்" என்றாராம். அந்த மனிசன் அந்தக் கிழமை முழுக்க ரேஸ் பத்திரிகையில் மயிலைத் தேடினாராம்.

இப்போது கையில் கோவாவோடு நின்ற காலைக்கு வருகிறேன். எங்கள் பகுதி மேற்பார்வையாளர் ப்ரையன் பக்கத்தில் வந்தார். ஓய்வு பெறும் வயதுக்காரர், நல்ல மனிசன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. "பீகொக்! நம்பர் வன்!" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நான் ஒருநாளும் செய்யாத வேலை செய்தேன். கோவாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துத் தோகை காட்டினேன். ப்ரையன் முகம் மலர்ந்தது. வா என்று சொல்லி, என்னைக் குளிர்ப்பெட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பெரிய வான்கோழியை எடுத்து என் கையில் தந்தார். இங்கே வீடு வீடாக வான்கோழி சமைக்கும் நன்றி சொல்லும் பண்டிகை கிட்ட வந்திருந்தது. எனக்கு வான்கோழி வேண்டும் என்று நினைத்துவிட்டார். நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூரையைக் காட்டினேன். அப்போதுதான் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஓ, இவங்களா!" என்றார். அவர் வளர்ந்த மேற்குப் பக்கத்து ஊரில், ஒரு ஹொக்கி மண்டபத்தில் அந்த நாலு பேரும் பாடியதை அவர் பார்த்திருக்கிறார். கோப்பி நேரத்தில் மிச்சத்தைச் சொன்னார். நாலு இசைத்தட்டுப் போட்டார்களாம். நாலாவது எங்கள் ஒழுங்கைக்கு வரவேயில்லை. அந்தப் பாட்டு அவர்கள் பக்கத்து ரேடியோக்களில் கொஞ்சக் காலம் ஓடியதாம். பட்டியலின் அடியில் ஏறி, அடியிலேயே இறங்கிவிட்டதாம். அமெரிக்காவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். நாலாவது தட்டோடு கம்பெனி கைவிட்டுவிட்டது, பாடினவர் இப்போது வீடுகளுக்குக் கூரை போடுகிறார் என்றார்.

"நம்பர் வன்னா? எங்கே?" என்று கேட்டார்.

"வெள்ளவத்தை" என்றேன். அது எந்த மாகாணத்தில் இருக்கிறது என்று ப்ரையன் கேட்டார்.

பிறகு அந்த வரியை அவரே பாடிக் காட்டினார். "ஓ, த மைல்ஸ்" என்பதுதான் வரியாம். மைல். தூரம். நான் கோப்பியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் நானும் இவ்வளவு காலமும் தூரத்தைத்தான் மயில் என்று கூப்பிட்டிருக்கிறோம்.

அன்று வேலை முடிந்தபோது அங்கே நடுச்சாமம் ஆகிவிட்டதால், அடுத்த நாள் காலையில் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே பின்னேரம். அம்மா இப்போது சாந்தியோடு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார். சில மாதமாகச் சாப்பாடு குறைவு, நடை குறைவு. ஆனால் சாந்தி எப்போதும், "அம்மா நல்லா இருக்கிறா அண்ணா. நீங்க வேலையை விட்டிட்டு ஓடி வரவேண்டாம்" என்றே சொல்வாள். எனக்கு அது பெரிய ஆறுதலாகவும் இருந்தது, பெரிய முள்ளாகவும் இருந்தது.

"அம்மா, நேற்று உண்மையாவே மயிலைக் கேட்டனான்! கடையில போட்டவங்கள்!"

அம்மா சிரித்தார். "உண்மையாவோ? அப்ப இவ்வளவு காலமும் போட்ட மயில்?"

நான் அசடு வழிந்தேன். இவ்வளவு காலமும் அவர்தான் கேட்பார், நான்தான் சொல்வேன். திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றியதேயில்லை. அன்றைக்குத்தான் தோன்றியது.

"அங்க எத்தனையாம் இடம், அம்மா?"

அம்மா குசினிப் பக்கம் திரும்பிச் சாந்தி நிற்கிறாளா என்று பார்த்தார். பிறகு போனைக் கிட்டக் கொண்டுவந்தார். நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

"பலகையில இல்லை, ராசா."

நான் வசந்தியிடம் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டு விமான ரிக்கற் பார்க்கச் சொன்னாள். ப்ரையனிடம், "அம்மா" என்று மட்டும் சொன்னேன். இந்தத் தரம் அவருக்குச் சரியாக விளங்கியது. மூன்று கிழமை லீவு தந்தார்.

வெள்ளவத்தை வீட்டில் அம்மா கட்டிலில் துணி மடித்து வைத்ததுபோல இருந்தார். என்னைக் கண்டதும், "ஏன் வந்தனீ? வேலை?" என்றார். கையை விடவில்லை. டொக்டர் மருந்தை மாற்றினார். சாந்தி, "நான் சொன்னால் நீங்க அங்க இருந்து என்ன செய்யிறது எண்டுதான் சொல்லேல்லை, அண்ணா" என்று அழுதாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? அங்கிருந்து நானும் அம்மாவுக்கு நம்பர்தானே சொன்னேன்.

நாலாம் நாள் பின்னேரம் அம்மாவைத் தலையணையில் சாய்த்து இருத்திவிட்டு, மகள் போனில் ஏற்றித் தந்த மயிலைப் போட்டேன். அந்தக் கசெட் எப்போதோ பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. அம்மா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

"எங்க மற்றது?"

"எது அம்மா?"

"பைலா."

போனில் மயிலுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. கனடாக்காரர் அந்தத் தட்டை அங்கேதான் முடித்திருக்கிறார்கள். நான் கூட்டத்தில் பெயர் சொல்லவே கூச்சப்படுகிறவன். எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, கட்டில் சட்டத்தில் தாளம் போட்டு நானாவின் பைலாவைப் பாடினேன். சொற்களில் பாதி மறந்துபோயிருந்தது. ரேப் அறுகிற இடம் மட்டும் மறக்கவில்லை. சரியாக அந்த இடத்தில், ஒரு சொல்லின் நடுவில் நிறுத்தினேன். அம்மா சிரித்த சிரிப்பில் சாந்தி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

அன்று இரண்டு இடியப்பம் சாப்பிட்டார். சாப்பிடும்போது சொன்னேன். "அம்மா, அது மயில் இல்லையாம். மைலாம். மைல்கட்டைக் கணக்குச் சொல்லிப் பாடுறாங்களாம், இவ்வளவு தூரம் எண்டு."

அம்மா கையைக் கழுவிவிட்டுச் சொன்னார்: "அது அவங்களுக்குக் கட்டை. கட்டையில ஏறி வர ஏலுமே? மயிலிலதான் ஏறி வரலாம். நீ மயிலெண்டே வை."

லீவு முடியும்போது அம்மா சுவரைப் பிடித்து வாசல்வரை நடந்தார். முழுச் சுகம் என்று நான் எழுத மாட்டேன். "அங்க வந்து எங்களோட இருங்கோ" என்று கேட்டேன். "இந்த வீட்டில இருந்தால் ரெயில் சத்தம் கேக்கும். அங்க உன்ர கூரையில வாறது எனக்கு விளங்காது" என்றார். வாகனத்தில் ஏறிப் பழைய ஒழுங்கையால் போகும்போது, ரெக்கோர்டிங் பார் இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள் என்பதைக் கண்டேன். வாசலில் ஒரு பலகை இருந்தது. அதில் விலைகள் எழுதியிருந்தன.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எத்தனையாம் இடம், அம்மா?"

"மூண்டு. நேற்று வாசலுக்குப் போனனான்." அவருக்குப் பின்னால் கடற்கரை ரயில் போகும் சத்தம் கேட்டது. அது போய் முடியும்வரை இரண்டு பேரும் பொறுத்திருந்தோம். "அங்க?" என்று கேட்டார்.

வேலை இருக்கிறது, முதுகு பரவாயில்லை, வசந்தியும் மகளும் சுகம். பழைய கணக்கில் நான் "ஒண்டு" என்று சொல்லியிருக்க வேண்டும். யன்னலுக்கு வெளியே இந்த வருடத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. என் காதுக்குள் அந்த ரயில் இன்னும் போய்க்கொண்டிருந்தது. நான் எந்த இடத்திலிருந்து எந்த இடத்தைச் சொல்வது?

"பொறுங்கோ அம்மா, பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

"அவசரமில்லை, ஆறுதலாப் பார்" என்றார் அம்மா. இருவரும் போனை வைக்கவில்லை.

ஸ்காபரோ, 19.11.2017